எட்டுக் கிடாக்களின் காணாமல் போன புழுக்கை

என் மருமகளுக்குக் கோபம் வந்தால் எங்கள் வீட்டுக் குக்கர்கூட விசிலடிக்கப் பயப்படும். அப்படிப்பட்டவளிடம் போய் அவளுடைய பேராசிரியர் வாலாட்டினார்.

ஓய்வு பெற்றபின் எனக்கிருக்கும் ஒரே உத்தியோகம், அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது. அவள் ஆராய்ச்சி செய்வது ஆட்டுக் கொட்டகையில். எட்டுக் கூண்டுகளில் எட்டுக் கிடாக்கள், ஒவ்வொரு கூண்டுக்கு அடியிலும் ஒரு தகரத் தட்டு. போட்ட தீவனத்தை நிறுப்பாள், தொட்டியில் மிஞ்சியதை நிறுப்பாள், தட்டில் விழுந்த புழுக்கையை நகைக்கடைக்காரர் வெட்கப்படும்படி நிறுப்பாள். உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்தால் எவ்வளவு செரித்தது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு வந்தால்தான் அவளுக்குப் பட்டம்.

பேராசிரியருக்கு நான் வைத்த பெயர் அத்தர். அவர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே அவருடைய வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு வெளியூர் விருந்தினர்கள் வருகிறார்களாம், கொட்டகை நாறுகிறதாம். மருமகள் கிடங்குக்குப் போன நேரம் பார்த்து ஆள்விட்டுத் தட்டுகளைக் கழுவித் தள்ளிவிட்டார். வாரம் முழுக்கச் சேர்த்துக் காயவைத்திருந்த புழுக்கைப் பைகளும் குப்பை வண்டியில் ஏறிவிட்டன.

நான் தூக்குவாளியோடு போனபோது அவள் பளபளக்கும் தட்டுகளையே பார்த்தபடி நின்றாள். கத்தவில்லை. நான் தூக்குவாளியோடு இரண்டடி பின்வாங்கினேன். அத்தரோ வெகு சாவகாசமாக, போன சோதனையின் சராசரியைப் போட்டு நிரப்பிக்கொள்ளச் சொன்னார். புழுக்கைக்குப் போய் இவ்வளவு ரகளையா என்று கேட்டுவிட்டு விருந்தினர்களோடு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவள் எட்டுத் தட்டுகளையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். மேசையில் பிஸ்கட்டுகளைத் தள்ளிவிட்டுத் தடாலென்று வைத்தாள். பக்கத்துத் தெருவில் நாலு பேராவது இடி என்று குடையை விரித்திருப்பார்கள்.

"சார், எட்டு ஆடும் வாரம் பூரா தின்னுச்சு. ஒரு புழுக்கைகூடப் போடல. தீவனம் நூத்துக்கு நூறு செரிச்சிருச்சுன்னு எழுதிடறேன். கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க."

வழுக்கைத்தலை விருந்தினர் ஒருவர் தேநீரைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நிஜமாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டீர்களா என்று அத்தரைக் கேட்டார். அத்தரின் வாசனை அந்த இடத்திலேயே ஆவியாகிப் போனது. சோதனையை மறுபடி நடத்தட்டும், அதற்கு அவகாசம் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் நன்றி சொல்லவில்லை, கொட்டகைச் சாவிக்குக் கையை நீட்டினாள். கொடுத்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். வண்டியை ஓரம் கட்டினாள்.

"சிரிக்காதீங்க மாமா. நாளைக்கு அவுத்து விட வேண்டிய ஆடுங்க. திரும்பவும் அந்தக் கூண்டுக்குள்ள நிக்கணும். அந்த ஆளு நிப்பாரா?"

வண்டியைக் கிளப்பினாள். நான் தூக்குவாளியைச் சத்தம் வராமல் மடியில் பிடித்துக்கொண்டேன். எதிரே வந்த லாரிகள்கூட ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போயின.