நாலாவது பாட்டில்

ஜெயசித்ரா டீச்சரின் கார் மேட்டைக் கண்டால் மூச்சு வாங்க ஆரம்பித்து மூன்று மாதமாகிவிட்டது. இலஞ்சியில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நல்ல பிள்ளையாகத்தான் வரும். அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் குணம் மாறிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. பிறகு திடீரென்று யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு குதி குதித்து ஓடும். பின்னால் வருகிற லாரிக்காரன் என்ன நினைப்பான் என்று அவளுக்கு வியர்த்துக் கொட்டும்.

வேறு யாராவது என்றால் வேறு வண்டி பார்க்கலாம். டீச்சருக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. கிளட்ச் மிதிக்கிற வண்டி அவளுக்கு ஆகாது. இந்தக் கார் இருபத்திரண்டு வருடத்துப் பழசு என்றாலும் ஆட்டோமேட்டிக். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும், வலது கால் ஒன்று போதும். பதினோரு வருடம் முன்பு, முப்பத்தேழாவது வயதில் இதை வாங்கினாளே, அன்றுதான் அவள் முதன்முதலாகத் தன் இஷ்டத்துக்கு வெளியே கிளம்பினாள். அதுவரை யாராவது கூட்டிப்போனால் போவாள், அவர்கள் திரும்பக் கூப்பிட வர மறந்தால் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பாள். புது வண்டி வாங்கலாம் என்றால், வீட்டுக் கடன் முடிய இன்னும் மூன்று வருடம் கிடக்கிறது.

அண்ணன் குற்றாலீஸ்வரன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கை மேல் கொள்ளைப் பிரியம். என்ன செய்வது, அந்த மனுஷனுக்குப் பிரியம்கூட உத்தரவாகத்தான் வாயில் வரும். பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்கிற இலத்தூர் நயினாரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, பேசாம குடுத்துரு. நான் ரிட்டயர் ஆயி சும்மாதான இருக்கேன். காலைல கொண்டு விடுதேன், சாயந்தரம் கூப்பிட வாரேன். ஒனக்கு என்ன கொறை?"

என்ன குறை என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அண்ணன் மனசு நோகும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

தென்காசியில் இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டியாயிற்று. ஒருவர் பானெட்டைத் திறக்கவே பயந்தார். இன்னொருவர், "பழைய ஆட்டோமேட்டிக்ல ஆயில மட்டும் தொட்டுராதீங்க டீச்சர். தொட்டா அன்னைக்கே படுத்துரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். கடைசியில், கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சர் சொன்ன பெயர்தான் ஆதம் பாய். ஷார்ஜாவில் பத்தொன்பது வருடம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பிரித்து மாட்டியவர். ஊர் திரும்பி மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டோரம், தகரக் கொட்டகை போட்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணனும் தங்கையும் அங்கே போனபோது குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. ரோடு முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் கூட்டம். ஆதம் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி, வெள்ளைத் தாடி. மெக்கானிக் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமான நகம்.

அவர் எதையும் கழற்றவில்லை. காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினார். துடைத்தார், திரும்ப விட்டு எடுத்தார். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டு, அது பரவுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். மோந்து பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குச்சியின் பிடியில் பொடியாக அச்சடித்திருந்த எழுத்தைப் படித்தார். பதினோரு வருடமாக அந்தப் பிடியைத் தொட்டு வந்த ஜெயசித்ராவுக்கு அதில் எழுத்து இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

"குச்சியெல்லாம் நுரையா இருக்கு. நுரை இருந்தா அது காட்டுத அளவ நம்ப முடியாது. எறக்கி அளந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

அண்ணன் சும்மா இருப்பாரா? டிக்கியிலிருந்து சிவப்பு ஆயில் டின் நாலைத் தூக்கிவந்து வைத்தார். "பாய், நான் அப்பமே வாங்கிட்டேன். எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒத்து வரும்னு போட்டிருக்கான் பாருங்க."

"எல்லாருக்கும் ஒரே அளவுல சட்டை தச்சா யாருக்கு சார் ஒழுங்கா இருக்கும்?" ஆதம் பாய் சிரித்துக்கொண்டே டின்னைத் தள்ளிவைத்தார். "செவப்பா இருக்கதெல்லாம் ஒண்ணு இல்ல. இந்த பாக்ஸுக்குன்னு ஒரு ஆயில் உண்டு. குச்சிலயே எழுதிருக்கான். அந்தப் பழைய ரகம் இப்ப வாரதில்ல. அதுக்குப் பதிலா வாரது எதுன்னு எனக்கு ஒரு நெனப்பு இருக்கு. ஆனா நெனப்ப வச்சு ஊத்த மாட்டேன்."

அங்கேயே ஷார்ஜாவுக்குப் போன் போட்டார். கூட வேலை பார்த்த ஒருவரிடம் மலையாளத்தில் பேசி, பதில் வந்ததும் பேப்பரில் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்துகொண்டார். அப்புறம் மதுரையில் ஒரு கடைக்குச் சொல்லி வைத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தெரிந்தவனைக் கேட்கிற ஒரு ஆம்பிளையை ஜெயசித்ரா வெகு நாளைக்குப் பிறகு பார்த்தாள். மரியாதை அப்போதே வந்துவிட்டது.

"பாய், ஆயில் மாத்துனா வண்டி படுத்துரும்னு சொல்லுதாங்களே?"

"பொய் இல்ல டீச்சர். உள்ள ரொம்பத் தேஞ்சு போன பாக்ஸா இருந்தா பழைய ஆயில்ல கெடக்க தூளுதான் கொஞ்சம் பிடிமானம். அதையும் எடுத்துட்டா வழுக்கிரும். ஒங்க பாக்ஸ் அந்த நெலமையில இருந்தா ஒங்க அண்ணன் சொன்ன நயினாருக்கு நானே போன் போட்டுச் சொல்லிருவேன். சனிக்கிழமை வரை பொறுங்க."

அந்த இரண்டு ராத்திரியும் அவள் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஆயில் வந்தது, கூடவே சாரலும் வந்தது. கொட்டகைக்குள் இருந்த வேலைப் பள்ளத்தின் மேல் வேறு வண்டி நின்றதால் இவள் காரை வாசலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆதம் பாய் பானெட்டை மூடிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இந்த ஆயிலில் தண்ணீர் ஒரு சொட்டு கலந்தாலும் கியர்பாக்ஸ் கெட்டுப்போகுமாம். பத்து மணிக்கும் பொறுமை, பதினொன்றுக்கும் பொறுமை. கடைசியில் அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. எங்கேயோ போய்ப் பெரிய பழக்கடைக் குடை ஒன்றைக் கொண்டுவந்து கார் மேல் விரித்துப் பிடித்தார். ஒரு காலத்தில் தென்காசியையே மிரட்டிய எஸ்.ஐ. தொப்பலாக நனைந்தபடி காருக்குக் குடை பிடிப்பதைப் பார்த்து டீக்கடையில் இரண்டு பேர் சல்யூட் அடித்தார்கள்.

ஆதம் பாய் அடியில் படுத்து போல்ட்டைத் திருகினார். ஆயில் கறுப்புச் சாயாவாக இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் உண்டு; உள்ளே தேய்கிற இரும்பெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஜெயசித்ரா ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அவர் அதை வழித்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். பிறகு விரலை அவளிடம் நீட்டினார். "தொட்டுப் பாருங்க. நறநறங்குதா?"

"இல்ல பாய். மாவு மாதிரி இருக்கு."

"அவ்வளவுதான். இரும்புச் சில்லு ஒண்ணு இல்ல. இருவத்திரண்டு வருஷம் ஓடுன பாக்ஸ்ல இப்பிடி நான் பாத்ததே கொறவு. ரொம்ப நல்லா வச்சு ஓட்டிருக்கீங்க."

அவளுக்கு அழுகை வந்தது. மழை பெய்தது வசதியாகப் போயிற்று.

"அப்ப ஏன் பாய் மேட்டுல ஏற மாட்டேங்குது?"

அவர் இறங்கிய ஆயிலை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் நிதானமாக ஊற்றி, பெஞ்சில் வரிசையாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கார் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். இறக்கினால் மூன்று லிட்டர் வரும் என்று போட்டிருந்தது. சட்டியில் இன்னும் மிச்சம் இருந்தது. நாலாவது பாட்டில் கழுத்துவரை நிறைந்தது.

"இது யாரு ஊத்துனது டீச்சர்?"

"நான்தான். மாசா மாசம் மொத ஞாயித்துக்கெழமை இன்ஜினச் சூடாக்கிட்டுக் குச்சிய எடுத்துப் பாப்பேன். கொறைஞ்சிருக்கும். கொஞ்சம் ஊத்துவேன். கடையில செவப்பு ஆயில்னு கேட்டு வாங்குவேன்." குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "அளவு சரியாத்தான பாத்தேன்?"

"எங்கன நிறுத்திப் பாப்பீங்க?"

"வீட்டு வாசல்லதான்."

"எவ்வளவு நாளா?"

"புது வீட்டுக்கு வந்ததுலருந்து. ரெண்டு வருஷமா."

ஆதம் பாய் வீட்டின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனில் கிரகப்பிரவேசப் படத்தைத் தேடி எடுத்தார். மாவிலைத் தோரணம், வாழைமரம், மாலை போட்ட கார். ரோட்டிலிருந்து வீட்டு நடைவரைக்கும் சரிவாக ஒரு சிமெண்டுத் தளம். அதன்மேல் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"சித்ரா படி ஏறக் கூடாதுன்னு நான்தான் கொத்தனாரப் பக்கத்துல நின்னு போட வச்சேன்" என்றார் அண்ணன் பெருமையாக. "கார் கதவத் தொறந்தா நேரா நடையில கால வைக்கலாம்."

ஆதம் பாய் பெஞ்சில் இருந்த டீ கிளாஸை எடுத்து ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். ஒரு விளிம்பில் டீ இறங்கியது, எதிர் விளிம்பில் ஏறியது. கிளாஸுக்குள் இருந்த டீ என்னவோ அதே டீதான். குச்சி இறங்குகிற பக்கம் காரின் முன்பக்கம் என்பதை அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜெயசித்ராவுக்கு விளங்கிவிட்டது: மூக்கைத் தூக்கி நிற்கிற காரில் ஆயில் பின்னால் போய்விடும், குச்சி எப்போதும் குறைவாகத்தான் காட்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் போர்டில் சாய்கோடு போட்டுக் கணக்கு நடத்துகிறவள் அவள். இரண்டு வருடமாகத் தன் வாசலில் அந்தச் சாய்கோட்டின் மேலேயே நின்று ஏமாந்திருக்கிறாள். வெட்கத்தில் காது சூடேறியது. அண்ணனைப் பார்த்தாள். அவர் போனைப் பைக்குள் வைக்கவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

ஆதம் பாய் ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. "ஆயில் கூடிப் போச்சுன்னா உள்ள சுத்துத சக்கரம் அதக் கடைஞ்சு நுரையாக்கிரும். நுரைக்கு இழுக்கத் தெம்பு கெடையாது. அதான் சூடாயிட்டா வழுக்குது. வண்டி மேல ரெண்டு பேருக்கும் அக்கறை கூடிப் போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார். அப்படிச் சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும்.

மிஷின் வைத்து உள்ளே கழுவ மாட்டேன் என்றார். பழைய பாக்ஸுக்கு அவ்வளவு முரட்டு வைத்தியம் கூடாதாம். புனலைப் புது ஆயிலாலேயே அலசிவிட்டு, மூன்று லிட்டரை நிதானமாக ஊற்றினார். இன்ஜினை ஓட விட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, சூடானதும் சமதரையில் குச்சியை உருவினார். ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே, நுரையே இல்லாமல், மங்கிய சிவப்பாக நின்றது.

"உள்ள பாதி பழசு இன்னும் கெடக்கு. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, மறுபடி மாத்துவோம். அதுக்கப்பறம் இன்னொரு தடவ. இப்ப மேட்டுல ஏத்திப் பாக்கணும். பண்பொழி மலைக் கோயிலுக்குப் போவோம்."

சாவியை அண்ணன் கை நீட்டி வாங்கப் போனார். ஆதம் பாய் அதை ஜெயசித்ராவிடம் கொடுத்தார். "பாக்ஸ் அவுக காலுக்குத்தான் பழகிருக்கு" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அண்ணன் ஈரச் சட்டையோடு பின்னால் உட்கார்ந்தார்.

மேலகரத்திலிருந்து பண்பொழி வருவதற்குள் கார் நன்றாகச் சூடாகிவிட்டது. மலைப் பாதை ஆரம்பித்தது. முதல் வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தாள். இன்ஜின் கத்தவில்லை. கியர் மாறியதே தெரியாமல் கார் மேலே ஏறியது. ஆதம் பாய் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வளைவு செங்குத்து. அதிலும் வழுக்கவில்லை, குதிக்கவில்லை. கீழே வயலும் தென்னந்தோப்பும் இறங்கிக்கொண்டே போயின. மூன்றாவது வளைவில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"எப்படி இருக்கு பாய்?"

அண்ணன்தான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏட்டி," என்று கிசுகிசுத்தார், "மனுஷன் தூங்குதாருட்டி!"

உண்மைதான். வாய் லேசாகத் திறந்திருக்க, கையை மடியில் போட்டுக்கொண்டு ஆதம் பாய் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் கியர்பாக்ஸின் முனகலைக் கேட்டுக் கேட்டே பிழைத்த காது அது. அதற்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

"எழுப்பவா?" என்றார் அண்ணன்.

"வேண்டாம்ணே."

இந்தப் பதினோரு வருடத்தில் அவள் காரில் எத்தனையோ பேர் ஏறியிருக்கிறார்கள். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே வருவாள். அண்ணன் கதவின் மேலே இருக்கிற பிடியை விட்டதே இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் பேசிக்கொண்டே அவள் காலை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். எல்லாரும் அவளுக்குப் பதிலாக ரோட்டைப் பார்த்தவர்கள்தான். அவள் ஓட்டுகிற காரில் ஒரு ஆள் நிம்மதியாகத் தூங்குவது இதுதான் முதல் தடவை. அவர் தலை ஆடிவிடக் கூடாதே என்று அடுத்த வளைவை மெல்லத் திருப்பினாள்.