வாரத்துக்கு ஒரு கரப்பான்

மனைவிக்கு வந்த தபால் கார்டை நல்லசிவம் முதல் தடவை படித்தபோது அவன் மனதில் பொறாமை எதுவும் இல்லை. கார்டு கடை விலாசத்துக்கு வந்திருந்தது. தபால்காரர் கல்லாவில் நீட்டினார், வாங்கினான், படித்தான். பொறாமை படித்து முடித்த பிறகுதான் வந்தது.

"திருமதி சுந்தரவல்லி அவர்களுக்கு, வணக்கம். நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. வளர்ந்த டரான்டுலா சிலந்திக்கு வாரத்துக்கு ஒரு கரப்பான் போதும். வயிறு உப்பித் தெரிந்தால் பத்து நாள்கூட விடலாம். அதற்குப் பசிக்குமே என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நம்முடைய கவலைதான். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். ஹபீபுர் ரஹ்மான்."

அவ்வளவுதான். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான். ஆனால் 'நீங்கள் கேட்டது நல்ல கேள்வி' என்ற வரி மதியம் வரை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அவனிடம் அப்படி எதையும் கேட்டதும் இல்லை.

அந்தச் சிலந்தி வீட்டுக்கு வந்ததே கடையால்தான். எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம், உஸ்மான் ரோட்டில் அவன் வைத்திருந்த ஜவுளிக்கடைக்குப் புது அலமாரி செய்ய செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பட்டை உரிக்காத மரம் வந்திறங்கியது. ஆசாரி தணிகாசலம் பின்கட்டில் உட்கார்ந்து பட்டையைப் பெயர்த்தபோது பொந்துக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்துக்கு, சாம்பலும் மஞ்சளுமாக, மயிர் அடர்ந்த எட்டுக்கால் பூச்சி ஒன்று வெளியே வந்தது. "நைனா, இன்னா சைஸ்ல கீது பாரு" என்று அவர் சுத்தியலை ஓங்கினார். புதுச் சேலை ஒன்றை மாற்றிக்கொண்டு போகக் கடைக்கு வந்திருந்த சுந்தரவல்லி அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். அவள் பாளையங்கோட்டையில் விலங்கியல் பட்டம் வாங்கியவள். கடைகளில் பிஸ்கட் போட்டு வைக்கும் பெரிய கண்ணாடிப் பாட்டில் ஒன்றை வாங்கி வரச்செய்து, மூடியில் ஆணியால் துளை போட்டு, சிலந்தியைக் குச்சியால் மெதுவாக உள்ளே ஏற்றிவிட்டாள்.

நல்லசிவம் அன்று தடை சொல்லவில்லை. இரண்டு நாளில் சலித்துப்போகும் என்று நினைத்தான்.

சலிக்கவில்லை. அடுத்த மாதம் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி நடந்தது. அங்கே பூச்சி மேஜைக்குப் பின்னால் ஒரு கல்லூரி விரிவுரையாளர் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். அவர்தான் ரஹ்மான். சுந்தரவல்லி சிலந்தியைப் பற்றிச் சொன்னதும் அவர் மற்றவர்களை விட்டுவிட்டு அவளிடம் வந்தார். கால் எத்தனை அங்குலம், அடியில் என்ன நிறம், வலை எப்படிப் பின்னுகிறது என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள். பதில் சொன்ன குரல் நல்லசிவத்துக்குப் புதிதாக இருந்தது. வீட்டில் அவள் இவ்வளவு வேகமாகப் பேசி அவன் கேட்டதில்லை. கால்மணி நேரம் பக்கத்தில் நின்றான். அவர்கள் சொன்னதில் பாதி வார்த்தை புரியவில்லை. சந்தேகம் வந்தால் எழுதுங்கள் என்று அவர் விலாசம் கொடுத்தார். மாடிப் போர்ஷனில் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஐந்து குடித்தனங்களின் கடிதங்களும் ஒன்றாகக் கலந்துபோகும் என்பதால் அவள் கடை விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

அதன் பிறகு மாதம் இரண்டு கார்டாவது வந்தது. எல்லாவற்றிலும் சாப்பாடு, தண்ணீர், வெயில். வேறு ஒரு சொல் கிடையாது. அது இல்லாததே நல்லசிவத்துக்குச் சந்தேகமாக இருந்தது. வரிகளுக்கு நடுவில் ஏதாவது இருக்குமோ என்று இரண்டு தடவை, மூன்று தடவை படித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவான்.

வியாழக்கிழமை சிலந்திக்குச் சாப்பாடு. அன்று காலையிலேயே சுந்தரவல்லியின் நடையில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். சமையலறையில் பிடித்து வைத்த கரப்பானை இடுக்கியால் உள்ளே விட்டு, பாட்டில் முன் தரையில் உட்கார்ந்துகொள்வாள். சிலந்தி பாய்ந்து பிடித்ததும் நேரத்தை நோட்டில் குறிப்பாள். கடையிலிருந்து எது கொண்டு வந்தாலும், காஞ்சிப் பட்டானாலும், "நல்லாருக்கு" என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிறவள் இதை மட்டும் இப்படிப் பார்க்கிறாளே என்று அவனுக்குத் தோன்றும். ஒருநாள், பாவம் அதற்குத் தினமும்தான் கொஞ்சம் போடேன் என்று சொல்லிப் பார்த்தான். அவள் சிரித்துவிட்டு, ரஹ்மான் சார் வேண்டாமென்று எழுதியிருக்கிறாரே என்றாள். அவன் வீட்டில் அவன் சொன்ன சொல் நிற்காமல் யாரோ ஒருவரின் கார்டு நின்றது.

ஆவணி மாதம் சிலந்தி சாப்பிடுவதை நிறுத்தியது. கரப்பான் காலடியில் ஓடினாலும் ஒதுங்கிக்கொண்டது. ஒரு வியாழன், இரண்டு வியாழன், மூன்றாவது வியாழனும் அப்படியே. வயிற்றின் நிறம் கறுத்தது. சுந்தரவல்லி நாலு பக்கம் கடிதம் எழுதினாள்.

பதில் ஒரு திங்கட்கிழமை வந்தது. "பயப்பட வேண்டாம். அது தோல் உரிக்கப் போகிறது. இனி எதுவும் போடாதீர்கள். உள்ளே உயிருள்ள கரப்பான் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். தோல் உரிக்கும்போது மல்லாந்து கிடக்கும், செத்ததுபோலத் தெரியும், தொடாதீர்கள். அப்போது உடம்பு மிருதுவாக இருக்கும். கரப்பானே அதைக் கடித்துத் தின்றுவிடும்."

நல்லசிவம் படித்து முடிப்பதற்குள் அவளே கடைப்படியில் வந்து நின்றாள். வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. அவனைப் பார்க்க அவள் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. தபால் வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்று சொன்னான். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பதே அவனுக்குத் தெரிந்தது. கார்டு மேஜை இழுப்பறைக்குள் போனது.

நாளைக்குக் கொடுத்துவிடலாம், ஒருநாள் காத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தான். மறுநாள் கொடுத்தால், நேற்று ஏன் இல்லையென்றீர்கள் என்று கேட்பாளே என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவள் தினமும் கேட்டாள். அவன் தினமும் இல்லையென்றான். மூன்றாம் நாள் அவள், சார் ஊரில் இல்லை போலிருக்கிறது என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அந்தச் சமயம் அவனுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி ஓடியது. அதற்காக அன்று முழுவதும் வெட்கப்பட்டான். ஆனாலும் கார்டைக் கொடுக்கவில்லை.

பதில் வராததால் அவள் தானே முடிவெடுத்தாள். வழக்கமான கரப்பான் பிடிக்கவில்லையென்றால் சின்னது பிடிக்குமோ என்று சின்னதைப் போட்டாள். பிறகு பெரியது. தினமும் ஒன்று போட்டாள். பழையதை எடுக்கவில்லை. அவன் அதையெல்லாம் பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்டு வந்து பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவனை அவள் கூப்பிட்டாள். போனான். சிலந்தி மெல்லிய வலை விரித்து அதன்மேல் மல்லாந்து கிடந்தது. கால்கள் மடங்கியிருந்தன. இரண்டு கரப்பான்கள் அதன் காலருகே மீசையை ஆட்டிக்கொண்டு நின்றன. சுந்தரவல்லியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"செத்துப்போச்சுங்க" என்றாள். "பட்டினியிலேயே சாக விட்டுட்டேன்."

"சாகல" என்றான் நல்லசிவம். "தோல் உரிக்குது. கரப்பானை எடு, சீக்கிரம். அதைத் தொடாத."

அவள் இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றாக ஐந்து கரப்பான்களை வெளியே எடுத்தாள். மூடியை மெதுவாக வைத்தாள். அதற்குள் ஒரு பக்கம் இரண்டு கால்களை அவை பாதிக்கு மேல் தின்றிருந்தன. எல்லாம் முடிந்த பிறகு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாயில் பற்பசை நுரை காய்ந்துகொண்டிருந்தது. யாரோ கடையில் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"கார்டு வந்திச்சு."

"என்னைக்கு?"

"போன வாரம். திங்கக்கிழமை."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். "ஏன்னு நான் கேக்கல" என்றாள். "எனக்குத் தெரியும். நீங்க ஒவ்வொரு கார்டையும் எத்தனை தடவை படிக்கிறீகன்னு அது கசங்கியிருக்கிறதுலயே தெரியும். நீங்களா கேப்பீகன்னு இருந்தேன்." பிறகு பாட்டிலைப் பார்த்தபடியே சொன்னாள்: "இனிமே இதுக்கு எப்போ சாப்பாடு போடணும்னு அவர்கிட்டப் போய்க் கேட்டுட்டு வாங்க. நான் எழுதி, பதில் வர நாலு நாளாகும். நீங்கதான் போகணும்."

அன்று கடை திறக்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மூன்றாம் மாடியில் ரஹ்மானின் அறை இருந்தது. அவர் கிழவராகவோ அவலட்சணமாகவோ இருக்க மாட்டாரா என்று, ஏற்கெனவே பார்த்திருந்தும், படியேறும்போது நல்லசிவத்தின் மனதுக்குள் ஒரு நப்பாசை. அவர் முன்னைவிட நன்றாக இருந்தார். கட்டிலில் புத்தகங்களை ஒதுக்கி உட்கார வைத்து, கீழேயிருந்து டீ வரவழைத்தார். கார்டு கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்டார்.

"கிடைச்சுது சார். நான்தான் கொடுக்கல."

அவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தார். முகத்தில் புரிந்ததும் தெரிந்தது, புரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டாமென்று அவர் நினைத்ததும் தெரிந்தது. அது அவனை இன்னும் சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"கால் மறுபடி வளரும் சார்" என்றார். "அடுத்த தடவை தோல் உரிக்கிறப்போ கொஞ்சம், அதுக்கடுத்த தடவை கொஞ்சம்." இரண்டு வாரம் எதுவும் போட வேண்டாம், பல் இப்போது வெள்ளையாக மிருதுவாக இருக்கும், அது கறுத்த பிறகு சின்னக் கரப்பானாக ஒன்று, பிறகு பழையபடி வாரத்துக்கு ஒன்று என்று விளக்கினார். நல்லசிவம் காகிதம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டான். வாசல்வரை வந்தவர், அவள் நோட்டு எழுதுவதைப்போல அவருடைய மாணவர்கள்கூட எழுதுவதில்லை, மேலே படிக்க வையுங்கள் என்றார். பஸ்ஸில் அந்த வார்த்தை கூடவே வந்தது. அதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று பனகல் பார்க் வரை யோசித்துக்கொண்டு வந்தான்.

சிலந்தி பழைய தோலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் புது நிறத்தில் ஆறு முழுக் காலோடு நின்றிருந்தது. அவன் காகிதத்தைப் பார்த்து வரிவரியாகச் சொன்னான். சுந்தரவல்லி குறுக்கே கேள்வி கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். அவன் சொல்வதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்ன சொல்லெல்லாம் இன்னொருவருடையது என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. கடைசியில், மேலே படிக்க வைக்கச் சொன்னார் என்பதையும் சொல்லிவிட்டான். அவள் பேனாவை நிறுத்தினாள்.

"அதையும் சொல்லிட்டீகளே" என்றாள்.

பதினேழாம் நாள் சிலந்தி ஒரு சின்னக் கரப்பானைப் பிடித்தது. அடுத்த ஆனியில் சுந்தரவல்லி எம்.எஸ்ஸி. சேர்ந்தாள், ரஹ்மான் இல்லாத வேறு கல்லூரியில். கார்டுகள் வீட்டு விலாசத்துக்கே வந்தன, ஒன்றும் தொலையவில்லை. நல்லசிவத்துக்குப் பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒளித்து வைக்காமல், இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று வாய்விட்டுக் கேட்கப் பழகினான். அவள் சில நாள் முழுவதும் படித்துக் காட்டினாள். சில நாள், சும்மா பூச்சி சமாச்சாரம்தான் என்று முடித்துக்கொண்டாள். அப்படி முடித்துக்கொண்ட நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் பச்சைச் சேலை கேட்டால் அவன் நீலத்தை எடுத்து விரித்துப் போடுவான்.