திருத்துகிறவள்

மாமியார் பத்திரகாளி மாத்திரை அட்டையை நீட்டினாள். வாங்குவதற்கு யோகேஸ்வரி கையை ஏந்தினாள். அட்டை அந்தக் கைக்கு வரவில்லை. அவள் தோளைத் தாண்டி, ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பி நின்ற பிரீத்திகாவிடம் போனது.

"ஏத்தா பிரீத்தி, இது காலையில போடுறதா, ராத்திரி போடுறதா? பாத்துச் சொல்லு."

பிரீத்திகா செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தாள். "காலையில சாப்பிட்டதும் போடுங்கத்தே. பிரஷர் மாத்திரை."

அவ்வளவுதான். எழுத்துக் கூட்டவில்லை, அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பிடிக்கவில்லை. தெரிந்த முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள், கொடுத்தாள், விருதுநகர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஏந்திய கையை வெறுமனே கீழே போட யோகேஸ்வரிக்கு மனம் வரவில்லை. கொடியில் கிடந்த துண்டை உருவி, உதறி, மறுபடி அதே கொடியில் போட்டாள்.

அந்த அட்டை இத்தனை வருசமாக அவளுடையது. ஏழாயிரம்பண்ணையில் அவர்கள் தெருவில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் உண்டு. வேலைக்குப் போகிற பெண்களில் அவள் வயசில் அவள் ஒருத்திதான். சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். முப்பதைத் தாண்டின பிறகு, மகளிர் குழுப் பெண்களுக்குச் சமுதாயக் கூடத்தில் நடந்த வகுப்பில் போய் உட்கார்ந்தாள். பகலெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி வெடிக்கு மருந்து திணித்துவிட்டு வந்த உடம்பு சுவரைக் கண்டால் சாயச் சொல்லும். எழுத்துகள் கரைந்து கரைந்து ஓடும். விடவில்லை. கூட வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக நின்றுபோக, இவள் அ ஆவில் ஆரம்பித்து, மாத்திரைப் பேருக்காகவே இங்கிலீஷ் பெரிய எழுத்துவரைக்கும் போனாள். அதற்கப்புறம் ரேஷன் கடைப் பலகை, பேங்குச் சீட்டு, கம்பெனி சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் "யோகேசு இருக்காளா?" என்றுதான் தெருப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். புருசன் முனியராஜ் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் பத்து நாள் வரமாட்டான். வந்தால், "எம் பொண்டாட்டி வாசிப்பாய்யா" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வான்.

தை மாசம் கொழுந்தன் எழிலுக்குக் கல்யாணம் ஆனது. சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்க்கிறவன். பெண் ஆனைக்குட்டத்துப் பக்கம், நர்சுக்குப் படித்தவள். அவள் வந்து இறங்கிய நாளிலிருந்து வாசலில் நிற்கிறவர்கள், "பிரீத்தி இருக்காளா?" என்று கேட்கிறார்கள்.

அதுமட்டும் என்றால்கூடப் பொறுத்திருப்பாள். பிரீத்திகா இங்கிலீஷ் பரீட்சை எழுதப்போகிறாள். அதில் தேறினால் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. பின்னாலேயே எழிலும் போகலாம். பேசுவதும் எழுதுவதும் அவளுக்கு வந்துவிட்டன. வாசிப்பில்தான் தட்டியது. நீளமாக ஒரு கட்டுரை கொடுத்து, கீழே வாக்கியங்கள் கொடுப்பார்கள். கட்டுரை சொல்கிறபடி அது சரியா, தப்பா, அல்லது அதைப்பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே சொல்லவில்லையா என்று மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். போன தடவை அதில்தான் மார்க் போய், தேறவில்லை.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவி ஓடக் கூடாது. மிக்சி ஓடக் கூடாது. "சத்தம் போடாதிய, அவ படிக்கா" என்று பத்திரகாளி தெருவில் போகிற கோழியைக்கூட அதட்டினாள்.

யோகேஸ்வரி அம்மியில் மிளகாய் வைத்து அரைத்தாள். தான் எழுத்துப் படித்த காலத்தில் இதே வீட்டில் டிவி எம்புட்டுச் சத்தமாக ஓடியது என்று நினைத்துக்கொண்டாள். மிளகாய் அன்றைக்கு ரொம்பவே நைசாக அரைந்தது.

அந்த நேரத்தில்தான் பிரீத்திகா ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு ஒத்தாசை. சரியான விடை போட்ட இந்தத் தாள் என் கையில இருந்தா கண்ணு அங்கனதான் போகுது. நீங்க வச்சுக்கிட்டுத் திருத்துறீகளா? போன்ல மணி அடிச்சதும் நான் எழுதுறதப் பிடுங்கிருங்க."

"எனக்கு இங்கிலீசு என்ன தெரியும்?"

"எழுத்துத் தெரியுமில்ல. இது சரி. இது தப்பு. ரெண்டு வார்த்தையா இருந்தா 'சொல்லலை'. அம்புட்டுத்தான்."

அடுப்படி வேலையில் ஒத்தாசை கேட்டிருந்தால் யோகேஸ்வரிக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாங்கிய பிறகுதான் அதன் ருசி தெரிந்தது. படித்தவள் தலையைக் குனிந்து எழுதுகிறாள். விடை இவள் மடியில் இருக்கிறது. எழுதி முடித்துக் கொண்டுவந்து பள்ளிக்கூடப் பிள்ளை போல எதிரில் உட்கார்ந்து இவள் முகத்தையே பார்க்கிறாள். இவள் விரலை வைத்து வைத்து ஒப்பிட்டு, தப்புக்கு ஒரு பெருக்கல் குறி போடுகிறாள். முதல் வாரம் பெருக்கல் குறிகள் நிறைய. அன்றைக்கு ராத்திரிச் சோற்றை யோகேஸ்வரி ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

பிரீத்திகாவின் கோளாறு ஒன்றே ஒன்றுதான். சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொள்வாள். தனக்குத் தெரிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். "அவன் சொல்லலைன்னா விட்டுறணும். எனக்குத்தான் விடமாட்டேங்குது அக்கா" என்று தலையில் அடித்துக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாக விடப் பழகினாள். பெருக்கல் குறிகள் குறைந்தன. யோகேஸ்வரியின் சாப்பாடும் குறைந்தது.

தேனீயைப் பற்றிய கட்டுரை வந்த ஞாயிற்றுக்கிழமை எழில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பத்திரகாளி மருமகளுக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தாள், பெருங்காயம் போட்டு. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருசத்தில் யோகேஸ்வரிக்கு மாமியார் மோர் கலக்கியது கிடையாது.

"என்ன மதினி, தேறிட்டாளா?" என்றான் எழில், சிரித்துக்கொண்டே.

அத்தனையும் சரியாக இருந்தது. கஷ்டமான இரண்டு இடத்திலும் பிரீத்திகா 'சொல்லலை' என்று போட்டிருந்தாள். விடைத்தாளிலும் ரெண்டு வார்த்தையாகத்தான் இருந்தது. யோகேஸ்வரி விரலை வைத்துப் பார்த்தாள். மோர்ச் செம்பைப் பார்த்தாள். அந்த இரண்டுக்கும் பெருக்கல் போட்டாள்.

பிரீத்திகாவின் முகம் விழுந்ததை ஓரக்கண்ணால் பார்த்தபோது நெஞ்சில் குளுகுளுவென்று ஒன்று இறங்கியது. அவள் கட்டுரையை எடுத்து மறுபடி மறுபடி வாசித்தாள். "எங்கன சொல்லிருக்கான்? எனக்குக் கண்ணுக்கே தட்டலையே" என்று முனகினாள். விடையைத் தானே பார்க்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மோர் அப்படியே இருந்தது.

ஒரு வாரம் தாண்டி வருகிற சனிக்கிழமை மதுரையில் பரீட்சை. அதற்கு முந்தின ஞாயிறு, கடைசிப் பயிற்சி. புஸ்தகத்தைப் புரட்டிய பிரீத்திகா "ஐயோ!" என்று சிரித்தாள்.

"அத்தே, இங்க வாங்க. பட்டாசு பத்தி எழுதிருக்கான்."

மொத்த வீடும் கூடிவிட்டது. அவள் எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. முடித்ததும் தமிழில் சொல்லச் சொன்னார்கள். சீனாவில் மூங்கிலை நெருப்பில் போட்டு வெடிக்க வைத்தது, எந்த உப்பைச் சேர்த்தால் சிவப்பு, எதைச் சேர்த்தால் பச்சை, வெளிநாட்டில் ஆற்றங்கரையில் லட்சம் பேர் அண்ணாந்து பார்த்தது எல்லாம் இருந்தது.

"பூச்சட்டின்னு ஒரு வார்த்தை வருதா?" என்றாள் பத்திரகாளி.

"இல்லத்தே."

"சரவெடி?"

"ஏம்மா, அவன் என்ன நம்ம கம்பெனி விலைப்பட்டியலா எழுதியிருக்கான்?" என்றான் எழில்.

யோகேஸ்வரி திருத்தத் தொடங்கினாள். ஒரு வாக்கியத்துக்குப் பெருக்கல் போட்டாள். பிரீத்திகா எட்டிப் பார்த்தாள்.

"எது அக்கா?"

"நாலாவது."

"'பட்டாசு செய்கிறவர்களுக்கு அந்த வேலை ஆபத்தானது.' சரின்னு போட்டிருக்கேன்."

"அது சரியில்லை. சொல்லலையாம்."

பத்திரகாளி முந்தானையை விலக்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுருங்கிக் கிடந்த பழைய தீக்காயத்தை நீட்டினாள்.

"இது சரியில்லையா? யாருட்டடி சொல்ற? இதத் தப்புன்னு எந்தக் கிறுக்கன் சொல்லுவான்?"

"தப்புன்னு சொல்லலத்தே. அவன் அதப்பத்திச் சொல்லலைன்னு..."

"நீ வாசிச்ச லட்சணம் அது. அன்னைக்கே பாத்தேன், அவ நல்லாப் போட்டா ஒம் மூஞ்சி போற போக்கை. வயித்தெரிச்சல் பிடிச்சவ கையில போயி விடையக் குடுத்திருக்கா, கூறுகெட்ட புள்ள."

பொய்க்குறி போட்ட அன்றைக்கு மோர் கலக்கிக்கொண்டு சும்மா இருந்த வாய், மெய்க்குறி போட்ட இன்றைக்கு இதைச் சொல்கிறது. தாளை எழில் பக்கம் வீசினாள். "நீங்களே பாருங்க."

எழில் அச்சடித்த தாளைப் பார்க்கிற பழக்கத்தில் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். "ம்மா, மதினி சொன்னதுதான் சரி. சொல்லலைன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப எழுதினவனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு" என்று பத்திரகாளி எழுந்து வெளியே போனாள். லட்சம் பேர் அண்ணாந்து பார்த்ததை எழுதியவன், இந்தக் கையைக் குனிந்து பார்க்கவில்லை என்பதுதான் அவள் கோபம். எழில் தாளைத் திரும்ப யோகேஸ்வரியின் மடியில் வைத்துவிட்டு அம்மாவின் பின்னால் போனான்.

பிரீத்திகா மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல 'சொல்லலை'ன்னுதான் போட்டேன் அக்கா. தேனீயில ரெண்டு தடவை அப்படிப் போட்டுத் தப்பாப் போச்சில்ல? அதான் அழிச்சிட்டு, தீக்காய வார்டுல கட்டுப் போடுறவளுக்கு இதுகூடத் தெரியாதான்னு நினைச்சு..." அவள் கண் கலங்கியிருந்தது. "இனி எதை நம்பிப் போடுறதுன்னே தெரியலை. சனிக்கிழமை போகணுமான்னு இருக்கு."

அவள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

யோகேஸ்வரி தாளை மடித்தாள், பிரித்தாள். இவள் பரீட்சைக்குப் போகாவிட்டால் என்ன? இங்கேயே கிடப்பாள். தினமும் அந்த அட்டை தன் தோளைத் தாண்டிப் போகும். "பிரீத்தி இருக்காளா?" என்று வாசலில் நிற்பார்கள். போய்த் தொலைந்தால்தானே நல்லது. அப்படி ஒரு கணக்கும் அவள் மனதுக்குள் ஓடத்தான் செய்தது. ஆனால் அந்தக் கணக்கு முடிகிறவரைக்கும் கால் காத்திருக்கவில்லை. கொல்லையில் போய் நின்றாள்.

"அந்தத் தேனீ."

பிரீத்திகா நிமிர்ந்தாள்.

"ரெண்டும் நீ போட்டதுதான் சரி. சொல்லலைதான். அன்னைக்கு வேலை அசதி. வரி மாறிப் பாத்துட்டேன்."

குழாயில் தண்ணீர் டம்ளர் நிரம்பி வழிந்தது. பிரீத்திகா அதை மூடவில்லை.

"ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவுல்லக்கா?"

யோகேஸ்வரி வழிகிற டம்ளரைப் பார்த்தாள். பிரீத்திகா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழாயை மூடினாள்.

"சரி. அசதின்னே இருக்கட்டும்."

"தண்ணிய வீணாக்காத. போயிப் படி" என்றாள் யோகேஸ்வரி, டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு.

சாயங்காலம் மறுபடி ஒரு கட்டுரை ஓடியது. பிரீத்திகா விடைத்தாளைக் கொண்டுவந்து பழையபடி யோகேஸ்வரியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அது நம்பிக்கையா, சோதனையா என்று யோகேஸ்வரிக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியாது.

வெளியிலிருந்து பத்திரகாளி குரல் கொடுத்தாள். "ஏத்தா பிரீத்தி, எழில் புது அட்டை வாங்கியாந்திருக்கான். இது ராத்திரி மாத்திரைதானான்னு பாரு."

"அவ படிக்கா" என்று யோகேஸ்வரி எழுந்து போனாள். "காட்டுங்க."

பத்திரகாளி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாகக் கொடுத்தாள். யோகேஸ்வரி விளக்குக்கு நேரே அட்டையைத் தூக்கிப் பிடித்து, பூச்சட்டியின் வெள்ளி மருந்து ஏறிப்போன நகத்தை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினாள். பழைய அட்டையை எடுத்து அதோடு ஒப்பிட்டாள்.

"இதுதான். சோத்துக்கு முன்னாடி."

பத்திரகாளி வாங்கவில்லை. உள்ளே பார்த்துக் கத்தினாள். "பிரீத்தி! இவ சோத்துக்கு முன்னாடிங்கா. சரியாத்தா?"

உள்ளே பக்கம் புரளும் சத்தம் நின்றது.

"அக்கா பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தே."

அப்புறம்தான் பத்திரகாளி கையை நீட்டினாள். யோகேஸ்வரிக்கு உள்ளே சுருக்கென்றது. தான் வாசித்ததுதான், ஒரு எழுத்துப் பிசகில்லை. அதற்கும் பிரீத்திகாவின் வாயால் ஒரு 'சரி' விழ வேண்டியிருந்தது. அதுவும் அந்தப் பொய்க்குறியின் கதை தெரிந்த வாயால்.

சனிக்கிழமை நல்லபடியாகப் போகட்டும், எங்காவது தூரத்துக்குப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு, மாத்திரையைப் பிதுக்கி மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க, முழுங்குங்க."