சார்ஜென்ட் மூட்டிய அடுப்பு

சவ்சான் அடுப்பிலிருந்த கங்குகளை இடுக்கியால் எடுத்து மணலில் புதைத்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் அப்பா ஷக்கர்மமத் இறந்துபோயிருந்தார். மூன்றாம் நாள் விளக்கேற்றி ஓதி முடிக்கும்வரை இந்த வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது. சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்து வரும்.

கோரோக் நகரத்திலிருந்து வந்த வழியில் சாவடிக்குச் சாவடி அவளை நிறுத்தி விசாரித்தார்கள். அவள் வந்து சேரும்வரை அப்பா உயிரைப் பிடித்துவைத்திருந்தது கடவுள் கருணை.

ஆற்றுக்கு அக்கரை ஆப்கான் மண். அங்கே அப்பாவின் சித்தப்பா மகன் குதோய்தோத் இருந்தார். முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் ஆற்றுத் திட்டில் இரண்டு கரைக்காரர்களுக்கும் பொதுவாகச் சந்தை கூடும். அப்பா கம்பளிக் காலுறை விற்கப் போவார். நாள் முழுக்க அவரோடு பேசிவிட்டு, எடுத்துப்போனதை அப்படியே திருப்பிக் கொண்டுவருவார். அம்மா திட்டினால், "காலுறை கெட்டா போயிடும்?" என்பார்.

பிறகு அக்கரையில் சண்டை வந்தது. சந்தையை மூடினார்கள். ஆற்றோரம் போகத் தடை. தொலைபேசியும் செத்துவிட்டது. அப்பா தினமும் காலையில் கூரையேறி அக்கரையில் குதோய்தோத் வீட்டுப் புகையைப் பார்ப்பார். "சோம்பேறி இப்பத்தான் எந்திரிச்சிருக்கான்" என்று சொன்ன பிறகே உள்ளே வந்து உப்புப் பால்தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போடுவார். குதோய்தோத்தும் அங்கிருந்து இந்தக் கூரையைப் பார்ப்பார் என்பது சவ்சானுக்குத் தெரியும். இன்று புகை இல்லாததைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும். சேதி சொல்ல வேறு வழியும் இல்லை.

அப்பாவைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கப் பக்கத்து வீட்டு குல்பேகிமோடு அவள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, கூரைத் திறப்பிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

உள்ளே எல்லைக் காவல் சார்ஜென்ட் கோதிர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பருத்தி விளையும் தாழ்நிலத்துக்காரர். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"வீடு சில்லுன்னு கெடக்குக்கா. வந்தவங்க நடுங்குறாங்க. ஒரு வாய் டீயாவது குடிக்கட்டுமேன்னு..."

"எந்த ஊருய்யா உனக்கு? எழவு வீட்டுல அடுப்பு மூட்டுவாங்களா?" என்றாள் குல்பேகிம்.

அவர் கை அப்படியே நின்றது. பக்கத்தில் விறகுக் கட்டு. காவல் முகாமிலிருந்து மேடேறிச் சுமந்து வந்திருக்கிறார். இந்த மலையில் விறகு எளிதில் கிடைப்பதில்லை.

சவ்சான் ஒரு கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். அவர் ஊற்றியதை எல்லோருக்கும் முன்னால் குடித்தாள்.

"நல்லா சூடா இருக்கு. எல்லாருக்கும் குடுங்க."

குல்பேகிமும் முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டாள்.

பிறகுதான் சவ்சான் அக்கரைப் புகையைப் பற்றி அவரிடம் சொன்னாள். கோதிர் எழுந்து, மீதி நெருப்பைத் தாமே அணைத்தார். விரல் சுட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"அக்கரையில இருக்கிறவருக்கு இனி எப்பக்கா தெரியும்?"

"நாளைக்குக் காலையில. அதுக்குள்ள மண்ணு போட்டுருவோம்."

அடக்கத்துக்குப் பின்பக்க மலைப்பாதையில்தான் போக வேண்டும் என்று உத்தரவு. பாடை வாசலைத் தாண்டியதும் கோதிர் முன்னால் வந்து நின்றார்.

"ஆத்தோரமாவே கொண்டு போங்க. மேலதிகாரி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

பாடை ஆற்றுப் பக்கம் திரும்பியது. துப்பாக்கியைத் தோளின் மறுபக்கம் மாற்றிக்கொண்டு அவரும் ஒரு முனையைத் தாங்கினார். அக்கரை ஊருக்கு நேரெதிரான வளைவில் அவர்களாகவே நடையை மெதுவாக்கினார்கள். அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து பார்த்தான். குல்லாயைக் கழற்றினான். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊரை நோக்கி ஓடினான்.

மாலையில் சவ்சான் கூரையேறினாள். அக்கரையில் வீட்டுக்கு வீடு புகை கிளம்பியிருந்தது. குதோய்தோத் வீட்டில் மட்டும் இல்லை. துணி மூடிய பாத்திரத்தை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி ஒரு பெண், வயல் வரப்பில் அந்த வீட்டை நோக்கி மெல்ல நடந்துகொண்டிருந்தாள்.