சம்பந்தி வீட்டுக் கேன்

எங்கள் உரக்கடையில் வாங்கிய சரக்கை இதுவரை யாரும் குறை சொல்லித் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. என் தகப்பனார் காலத்திலும் இல்லை, என் காலத்திலும் இல்லை. யூரியா கட்டிதட்டிய மூட்டையை, வருகிறவர் கண்ணில் படுவதற்கு முன்பே ஒதுக்கிவிடுவேன். அப்படிப்பட்ட கடையில் பாக்டீரியா விற்கலாம் என்று மருமகள் வந்து நின்றாள்.

அவள் நுண்ணுயிரியல் படித்தவள். கடையின் பின்னறையைக் கேட்டு வாங்கி, நீராவிப் பாத்திரம் ஒன்றும் கலங்கிய நீர் நிரம்பிய கண்ணாடிக் குடுவைகளுமாகப் பரப்பி வைத்திருந்தாள். அந்த பாக்டீரியா பீன்ஸ் வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியேறி, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுமாம். விதையில் புரட்டி நட்டால் யூரியாவைப் பாதிக்குமேல் குறைத்துவிடலாம் என்றாள்.

"கிருமின்னு மட்டும் சொல்லாதீங்க மாமா. வாங்க வர்றவங்க ஓடிடுவாங்க."

"கிருமியைக் கிருமின்னு சொல்லாம மாப்பிள்ளைன்னா சொல்வாங்க?"

"மாப்பிள்ளை மாதிரிதான் மாமா. வந்து உக்காந்து நல்லா சாப்பிடும். ஆனா இது வேலையும் செய்யும்."

அவள் பிறந்த வீட்டு மாப்பிள்ளையான என் மகன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

எங்கள் கடைப் பெயர் ஒட்டிப் போகும் சரக்கு என்பதால் நான் கண்டிப்பாக இருந்தேன். முதல் தடவை பன்னிரண்டு பேர் வாங்க முன்வந்தார்கள். அதில் ஒருவர் என் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார். பீன்ஸே போட்டிராத நிலத்தில் முதல் முறையாகப் போடுகிறார். பெண்ணைக் கொடுத்த இடம். அவருக்கோ நாக்கு நீளம். மற்றவர்களுக்குப் போகிற மாதிரி அவருக்கும் ஒரு கேன் போனால் நம் மரியாதை என்னாவது?

மருமகள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, புதுக் கேன் ஒன்றை பிளீச்சிங் பவுடர் கரைத்து இரண்டு முறை நானே தேய்த்தேன். நல்ல தண்ணீரில் அலசவில்லை. சுத்தம் செய்திருக்கிறோம் என்பது திறந்தவுடனே தெரிய வேண்டும் அல்லவா? பிறகு அவளுடைய குடுவையிலிருந்து நானே ஊற்றி, மூடி, சம்பந்தி வீட்டில் நேரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நட்ட இருபத்தைந்தாம் நாள் சம்பந்தி கையில் ஒரு செடியோடு கடைக்குள் வந்தார். இலைகள் மஞ்சள் பூத்திருந்தன. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"என்ன சம்பந்தி, நீங்க கேன்ல அனுப்பின ஆளுங்க எல்லாம் லீவு போட்டுட்டாங்க போல? எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் செடி கருகருன்னு நிக்குது. அவரும் இங்கதான் வாங்கினார்."

மருமகள் செடியை வாங்கி வேரை அலசிப் பார்த்தாள். மருந்துக்குக்கூட ஒரு முடிச்சு இல்லை. அவள் முகம் வாடிவிட்டது.

"விதையை வெயில்ல உலர்த்திட்டீங்களா?"

"நீ எழுதிக் குடுத்தபடி நிழல்லதான்மா."

"வேற மருந்து எதுவும் கலந்தீங்களா?"

"ஒண்ணும் கலக்கல. கேனைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாசம் வந்துச்சு. அடடா, என்ன சுத்தம்னு வீட்டுல கூப்பிட்டுக் காட்டினேன்."

மருமகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். உடனே சம்பந்தி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் தப்புதாங்க. கேன் கழுவறதுல கவனமில்லாம இருந்துட்டேன். மாமாவுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"படிச்ச பொண்ணு நீ, இப்படிப் பண்ணலாமாம்மா?" என்றார் சம்பந்தி.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீட்டு மானம் முழுசாகத் தப்பித்திருக்கும். ஆனால் யார் தலையை வைத்து? எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பெண், நான் செய்ததற்காக நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இந்த நாற்காலியில் உட்கார எனக்கு என்ன யோக்கியதை?

எழுந்து நின்றேன்.

"கழுவினது நான். உங்களுக்குன்னு தனியா பிளீச்சிங் பவுடர் போட்டு, அலசாம, நானே ஊத்தினேன். இவளுக்குத் தெரியவே தெரியாது. உள்ள இருந்தது அத்தனையும் அதுலயே செத்திருக்கும். தப்பு என்னோடது."

சம்பந்தியின் வாய் மெல்லக் கோணியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு மரியாதை பண்ணப் போயி ஒரு குலத்தையே அழிச்சுட்டீங்களே சம்பந்தி!"

மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை.

மருமகள் அதற்குள் பின்னறைக்குப் போய் இரண்டு கேன்களோடு வந்தாள். "இன்னும் பூ எடுக்கல. பாசனத் தண்ணியில கலந்து வேரடியில விட்டுப் பாக்கலாம். வண்டியை எடுங்க, நானே வர்றேன்."

மூன்று வாரத்தில் செடிகள் தேறிவிட்டன. பக்கத்துத் தோட்டம் அளவுக்கு இல்லை. ஆனாலும் காய்ப்புக்குக் குறைவில்லை. அந்தச் செய்தியோடு மகள் போன் செய்தாள்.

"அப்பா, எங்க மாமனார் பாக்கறவங்ககிட்ட எல்லாம் கேன் கதையைத்தான் சொல்றார்."

"சிரிக்கிறாரா?"

"சிரிக்காமலா! ஆனா முடிக்கும்போது, 'தப்பை மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கிற வீட்டுல பொண்ணெடுத்திருக்கோம்'னு சொல்லித்தான் முடிக்கிறார்."

"சரி சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டு போனை வைத்தேன். யூரியா வாங்க ஒருவர் காத்திருந்தார். அவரை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய், மருமகளிடம் அதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.