கண்ணில் வைத்த குழாய்

தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து நூற்றுப் பத்து சிலிண்டர். ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். கழுத்தைப் பிடித்துச் சாய்த்து, அடிவிளிம்பில் நிறுத்தி, சுழற்றிக்கொண்டே லாரி வரை நடக்க வேண்டும். ஆக்சிஜன் நிரப்பும் அந்தக் கொட்டகையில் இந்த வேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பெயரே உருட்டுக்காரன் என்றாகிவிட்டது. ‘சிலிண்டரைத்தான் உருட்டுவான், கதையை உருட்டத் தெரியாது’ என்று மேஸ்திரி சொல்லிச் சிரிப்பார்.

சிலிண்டரை நிரப்பி வால்வை மூடித் தருகிறவன் உருட்டுக்காரனின் தங்கை புருஷன். எல்லோருக்கும் அவன் வால்வுக்காரன். வால்வின் மேல் இரும்புத் தொப்பியைத் திருகி மாட்டிய பிறகே சிலிண்டரை நகர்த்த வேண்டும். தொப்பியில்லாமல் சாய்ந்து வால்வு முறிந்தால், சிலிண்டர் சுவரைப் பிளந்துகொண்டு பறக்கும். வால்வுக்காரனுக்கு இது தெரியாமலில்லை. சோம்பல்.

மதியம் இரண்டு மணி தாண்டி, நூற்றுப் பதினோராவது கைநழுவியது. தொப்பியில்லை. உருட்டுக்காரன் முழங்காலைக் கொடுத்துத் தாங்கினான். வால்வுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. நிமிர்த்தி நிறுத்தினான்.

“தொப்பி எங்கடா?”

“உன் தலையில இருக்கும், தடவிப் பாரு மச்சான்.”

“செத்திருப்பேன்டா!”

“செத்தா என்ன? ஒரு தடவையாவது உன்ன நாங்க உருட்டிட்டுப் போவோம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் உருட்டுக்காரனுக்குத் தலைக்கேறியது. வால்வைத் திருகும் சாவி, முழங்கை நீள இரும்பு, பக்கத்தில் கிடந்தது. எடுத்து வீசினான். இடது புருவத்துக்குக் கீழே இறங்கியது. வால்வுக்காரன் மல்லாக்க விழுந்தான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அதே இடத்தில் இன்னும் இரண்டு குத்து. மேஸ்திரி முடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் கை நின்றது.

கை நின்ற பிறகுதான் புத்திக்கும் எட்டியது. வால்வுக்காரனின் வலது கண் நாலு வருடம் முன்பே இரும்புத்தூள் பாய்ந்து வெளுத்துப்போனது. அவனுக்கு மிச்சமிருந்ததே இந்த ஒன்றுதான்.

அது இப்போது முட்டையைப் போல வெளியே தள்ளிக்கொண்டு வந்தது.

“மங்குது மச்சான்,” என்றான் வால்வுக்காரன். கேலியெல்லாம் போய்விட்டிருந்தது.

மயக்கமா, ஆக்சிஜன் குழாயைப் பிடி. தலைவலியா, குழாயைப் பிடி. கொட்டகையின் வைத்தியம் அதுதான். “கண்ணுக்கு ஆக்சிஜன் போகலடா, அதான் மங்குது,” என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது சரி. செய்ததுதான் தப்பு. சிலிண்டரைத் திறந்து குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்கள். புஸ்ஸென்று நாற்பது நிமிடம் ஊதியது. உருட்டுக்காரனே பிடித்திருந்தான், தோள்வலி மறந்து. அப்புறம், கண் ஓய்வெடுக்கட்டும் என்று துண்டை நாலாக மடித்து இறுக்கிக் கட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை அவிழ்த்தபோது, “ஏன்டா லைட்ட அணைச்சீங்க?” என்றான் வால்வுக்காரன்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

லோடு லாரியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு பறந்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா வீங்கிய இமையை விரலால் அமுக்கிப் பார்த்தார். கல்லாக இறுகியிருந்தது.

“அடிபட்டு எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்மா.”

“அதுவரைக்கும் என்ன கிழிச்சீங்க?”

“ஆக்சிஜன் புடிச்சோம். கண்ணு மேல.”

அவர் ஊசியில் மருந்தை ஏற்றியபடியே பேசினார். “முன்பக்கம் மட்டும்தான்யா வெளிக்காத்துல பொழைக்கும். பாக்கறது பின்னாடி இருக்கற விழித்திரை. அதுக்கு ஆக்சிஜன ரத்தம்தான் சுமந்துட்டு வரணும். இவனுக்குக் கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் கட்டி, வர்ற வழியவே நெரிக்குது. நீங்க பூட்டின வீட்டு வாசல்ல லோடு எறக்கியிருக்கீங்க. கட்டு எவன் போட்டது?”

“நான்தாம்மா. ஓய்வெடுக்கட்டும்னு.”

“இறுக்கினா இன்னும் நெரிக்காதா? இருட்டுல ஓய்வு வேறயா! விழித்திரை வெளிச்சத்த விட இருட்டுலதான் ஆக்சிஜன அதிகமாத் தின்னும். பட்டினி கெடந்தவன மூட்ட தூக்க விட்டிருக்க.” கத்தரியை எடுத்தார். “இமையோரத்த வெட்டி விட்டாத்தான் உள்ள நெரிக்கற அழுத்தம் எறங்கும். ஆபரேஷன் ரூமுக்குப் போக நேரமில்ல. தலையப் பிடி. அசைஞ்சான்னா குருடு.”

நூற்றுப் பத்து சிலிண்டர் உருட்டிய கைகள். மாப்பிள்ளையின் தலையைக் கட்டிலோடு அழுத்தின. கடைக்கண்ணில் ஊசி இறங்கியது. இடுக்கியால் அந்தத் தோலைக் கவ்வி நசுக்கினார். பிறகு கத்தரி, எலும்பு வரைக்கும். வால்வுக்காரன் போட்ட கூச்சலில் அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுந்து ஓடினார்.

“விடுடா! கொல்றாங்கடா! மச்சான் விடுடா!”

வாய்க்கு எட்டிய மணிக்கட்டைக் கடித்தான். பல் உள்ளே இறங்கியது. உருட்டுக்காரன் கையை எடுக்கவில்லை. கீழ் இமையைப் பிடித்திருந்த தசைநாரைக் கத்தரி தேடி இன்னொரு முறை வெட்டியது. கறுத்த ரத்தம் காதில் வழிந்து தலையணையை நனைத்தது. தள்ளிக்கொண்டு நின்ற கண் மெல்ல உள்வாங்கியது. டாக்டரம்மா மறுபடி அமுக்கிப் பார்த்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார்.

“அடிச்சது யாரு? எழுதணும்.”

உருட்டுக்காரன் வாயைத் திறப்பதற்குள் வால்வுக்காரன் முனகினான். “யாரும் அடிக்கல. சாவி தெறிச்சிருச்சு.”

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உருட்டுக்காரன் மணிக்கட்டில் பதிந்த பல்தடத்தையும் பார்த்துவிட்டு, அப்படியே எழுதினார்.

ஐந்து மணிக்குத் தங்கை ஓடிவந்தாள். “எப்படிண்ணே ஆச்சு?”

மேஸ்திரி சொன்னது சரிதான். அவனுக்குக் கதை உருட்டத் தெரியாது. “நான்தான் அடிச்சேன்,” என்றான்.

அவள் செருப்பைக் கழற்றினாள். முகத்தில், கழுத்தில், வலித்த தோளில் மாறி மாறி விழுந்தது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. நர்ஸ்தான் அவளைப் பிடித்து இழுத்தாள்.

சத்தம் கேட்டு வால்வுக்காரன் கண்ணைத் திறந்தான். டாக்டரம்மா பக்கத்தில் வந்து குனிந்து, “என்ன தெரியுது?” என்றார்.

“கீழ தெரியுது. மேல இருட்டு.” மச்சானின் இடுப்பிலிருந்து மெல்லப் பார்வையை ஏற்றிக்கொண்டு வந்து, நெஞ்சில் நிறுத்தினான். “நெஞ்சு வரைக்கும் இருக்க மச்சான். தலையக் காணோம். அது இல்லாமலே நல்லாத்தான் இருக்க.”

யாரும் சிரிக்கவில்லை.

“மேல இருட்டு விலகுமாம்மா?” என்று உருட்டுக்காரன் கேட்டான்.

“பட்டினியில செத்த பகுதி திரும்ப வராது. மிச்சத்தக் காப்பாத்துவோம்.”

மாப்பிள்ளை அவனைப் போலீஸுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கடன் ஒன்று. தங்கையின் முகத்தை இனி வாய்வரைக்கும்தான் பார்ப்பான் மாப்பிள்ளை. அவள் கண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை அண்ணாந்து தேட வேண்டும். உருட்டுக்காரன் அவனுக்குத் தர வேண்டியது இன்னும் பாக்கி: அரைக் கண் பார்வை.