சதுப்பின் கடைசி வில்லோ பூச்சி

அரிசி அளவுகூட இல்லாத ஓர் அந்துப்பூச்சியை வைத்து மரம் அறுக்கும் நான்கு இயந்திரங்களை நான் துரத்தியடித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் எங்கள் சதுப்பின் வில்லோ மரங்களை வெட்டவிருந்தார்கள். அரிய பூச்சி பதிவானால் நிறுத்துவார்கள். ஆனால் மாவட்டப் பூச்சிப் பதிவாளர் ஹெஸ்டர் அதுவரை நான் அனுப்பிய நாற்பத்தொரு பூச்சிப் பதிவுகளைத் தள்ளுபடி செய்திருந்தார்.

"தபால்காரரே, ஒண்ணப் பாத்தா நூறுன்னு எழுதுற ஆளு நீங்க. பூச்சியக் கொண்டாங்க, பேசலாம்."

உள்ளே கூட்டுப்புழுவோடு கூம்பாகச் சுருண்ட வில்லோ இலை ஒன்றை மாத்திரை டப்பாவில் போட்டு அவர் சமையலறையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை அதிலிருந்து பூச்சி வெளியே வந்தது.

"இறக்கைய வச்சு அரிய இனம்தான்னு உறுதியாச் சொல்ல முடியாது. வயித்த அறுத்துப் பாக்கணும்."

"இருக்கிறதே ஒண்ணுதானே, ஹெஸ்டர்!"

"தெரியும். டீயக் குடிங்க, இந்தப் பக்கம் பாக்காதீங்க."

பார்த்தேன். டீ ஆறிப்போனது. படிவத்தில் எண்ணிக்கைக் கட்டத்தில், வாழ்நாளில் முதன்முறையாக, 'ஒன்று' என்று எழுதினேன்.

ஹெஸ்டர் நுண்ணோக்கியை விட்டு வெகுநேரம் தலை தூக்கவில்லை.

"மரத்துல இன்னொண்ணு இருக்குமா?" என்றேன்.

"தெரியல." என் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். "ஆனா இது இருந்துச்சு. நீங்க சொன்னது நிஜம்தான்."